வாரத்தை முறை வைத்தல்



“நேரம் போதவில்லை” என்று சொல்லாத மாணவரை இந்நாளில் காண்பது அரிது. முதல் மதிப்பெண் பெறுபவரும் இதைச் சொல்கின்றார். தேர்ச்சி பெறத் தடுமாறுபவரும் இதையே சொல்கின்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய நான் இச்சொல்லைக் கேளாமல் கழித்த கல்வியாண்டு ஒன்றுகூட இல்லை. இது சோம்பலின் சாக்கு என்று தள்ளிவிடுவோர் உண்டு. அவ்வாறு தள்ளுவது முறையன்று. சொல்பவர்களில் பலர் உண்மையாகவே துன்புறுகின்றனர். ஒரு பாடத்தைத் திறந்தால் மற்றொரு பாடம் நினைவுக்கு வருகிறது, அதை எடுத்தால், எழுதி முடிக்காத செய்முறைக் குறிப்பேடு கண்முன் நிற்கிறது, விளையாடப் போனால் ஏதோ தவறு செய்வது போன்ற உணர்வு, படுத்தால் உறக்கமின்மை. இத்துன்பத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஏழு நாளை ஓர் அளவாகக் கொண்டு, செய்ய வேண்டியவற்றை அந்த ஏழு நாளுக்குள் முறையாகப் பங்கிட்டுக்கொள்வதே அவ்வழி. அதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

காலத்தை அளப்பதும் பகுப்பதும் தமிழர்க்குப் புதியன அல்ல. பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாளை நம் முன்னோர் 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை என்பது இன்றைய கணக்கில் 24 நிமிடம். பத்து நாழிகை கொண்டது ஒரு சிறுபொழுது. ஆறு சிறுபொழுது சேர்ந்தது ஒரு நாள். கடிகாரம் இல்லாத அக்காலத்தில் நாழிகையை நீரைக் கொண்டு அளந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டைப் படித்தவர்கள், போர்ப் பாசறையில் நீரின் அளவால் பொழுதை அறிந்து அரசனுக்கு அறிவிப்போரைக் கண்டிருப்பீர்கள். போர்க்களத்து நெருக்கடியிலும் பொழுதின் கணக்கை அவர்கள் விட்டுவிடவில்லை. நெருக்கடியான இடத்தில்தான் அக்கணக்கு மிகுதியாக வேண்டப்பட்டது என்றும் சொல்லலாம்.

திருக்குறளில் காலமறிதல் என்பது 49ஆம் அதிகாரம். அதற்கு முன் நிற்பது 48ஆம் அதிகாரமாகிய வலியறிதல். இவ்வைப்பு முறையை நான் வகுப்பில் பலமுறை சுட்டிக் காட்டியிருக்கின்றேன். முதலில் தன் வலிமை எவ்வளவு என்று அறிய வேண்டும். பிறகே காலத்தைக் கணக்கிட வேண்டும். தன் வலிமையை அறியாமல் கட்டத்தை மட்டும் வரைபவனுடைய அட்டவணை சுவரில் ஒட்டிய சில நாளிலேயே பயனற்றுப் போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு நாளை அளவாகக் கொள்ளாமல் வாரத்தை ஏன் கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். ஒரு நாள் மிகச் சிறியது. திடீரென்று உறவினர் வருவர், மின்சாரம் தடைப்படும், தலைவலி வரும். அன்றைய திட்டம் முழுதும் குலைந்துவிடும். மாதமோ மிகப் பெரியது. “இன்னும் இருபது நாள் இருக்கிறதே” என்ற எண்ணம் சோம்பலுக்கு இடம் கொடுக்கும். வாரமோ, திங்களன்று தவறியதை வெள்ளியன்று ஈடு செய்யும் அளவுக்குப் பெரியது. முடிவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சிறியது. உழைப்பும் ஓய்வும் அதனுள் ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்துவிடுகின்றன.

வார முறை நம் வாழ்வில் முன்னமே ஊறியிருப்பதுதான். ஊர்ச் சந்தைகள் வாரக் கணக்கில் கூடுகின்றன. நம் வீடுகளில் தொங்கும் நாட்காட்டியைப் பாருங்கள். திங்கட்கிழமை இராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை; சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை என்று ஏழு நாளுக்கும் ஏழு வேளையை நம் பாட்டிமார் ஏட்டைப் பாராமலே சொல்வர். அதில் நம்பிக்கை உள்ளோரும் இல்லாதோரும் உண்டு. அது வேறு பேச்சு. ஒரு வார அட்டவணையை மனத்தில் பதித்துக்கொண்டு வாழ்நாள் முழுதும் பின்பற்ற மக்களால் இயலும் என்பதற்கு அது சான்று. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் தொடங்கப்பெற்றது. இன்ன கிழமையில் இன்ன வேளைக்கு இன்ன நிகழ்ச்சி என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளாமல் எந்த வானொலி நிலையமும் நடைபெற இயலாது. செய்தி நேரத்தைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட தலைமுறை எங்களுடையது.

‘வாரம்’ என்னும் சொல்லையே சிறிது எண்ணிப் பாருங்கள். ஏழு நாளுக்கு அது பெயர். பங்கு என்ற பொருளும் அதற்கு உண்டு. நிலத்தின் விளைச்சலில் நிலத்துக்கு உரியவர் பெறும் பங்கு மேல்வாரம். உழுதவர் பெறும் பங்கு குடிவாரம். காலத்தின் வாரத்தையும் பங்கிட வேண்டியதாகவே நான் எண்ணுகின்றேன். பங்கிடாத சொத்து, வலியவன் கைக்குப் போய்விடும். பங்கிடாத நேரமும் அப்படித்தான். எது மிகுதியாகக் கவர்கிறதோ அது எடுத்துக்கொள்ளும்.

பங்கீட்டின் நுட்பத்தை நான் வாழும் உறையூரில் ஓடும் ஒரு வாய்க்காலைக் கொண்டு விளக்குகின்றேன். உய்யக்கொண்டான் வாய்க்கால் பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, உறையூர் வழியாக நகரத்தினூடே ஓடி, கிழக்கே வாழவந்தான்கோட்டை வரை செல்கிறது. ஆற்றில் நீர் நிறைந்து வரும்போது எவரும் எவரையும் கேட்பதில்லை. நீர் குறையும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயல்கள் முதலில் குடித்துவிடும்; கடைமடையில் உள்ள பயிர் வாடும். ஆதலால் முறை வைக்கின்றனர். இத்தனை நாள் இந்தப் பகுதிக்கு, அடுத்த இத்தனை நாள் அந்தப் பகுதிக்கு என்று மதகுகளைத் திறந்தும் அடைத்தும் நீரை விடுவதே முறைப்பாசனம். முறை வைப்பதனால் ஆற்றில் ஒரு படி நீரும் கூடிவிடாது. ஆயினும் கடைமடைப் பயிர் பிழைத்துக்கொள்கிறது.

நம் படிப்பிலும் தலைமடைப் பாடம் உண்டு. கடைமடைப் பாடம் உண்டு. நமக்குப் பிடித்த பாடம், எளிதில் வருகின்ற பாடம், நாளை மறுநாள் தேர்வு உள்ள பாடம் ஆகியவை தலைமடையில் இருக்கின்றன. அவை முதலில் நேரத்தைக் குடித்துவிடும். ஒருவனுக்குக் கணிதமும், மற்றொருவனுக்கு ஆங்கிலக் கட்டுரையும், இன்னொருத்திக்கு வேதியியல் சமன்பாடும் கடைமடையில் கிடக்கும். ஆண்டு முடிவில் அச்சத்தைத் தருவது அந்தக் கடைமடைப் பாடமே. வார அட்டவணையின் முதற்பயன், கடைமடைக்கும் நீர் போய்ச் சேரச் செய்வது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் கொண்டாலும் இன்றைய பேச்சு வீணாகாது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உள்ளது. நம் பழைய அளவில் 420 நாழிகை. முதலில் உறக்கத்தைக் கழியுங்கள். 13 வயது முதல் 18 வயது வரையில் உள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டில் பரிந்துரை செய்தது. 8 மணி என்றே வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 56 மணி. பள்ளியும் போய்வரும் பயணமும் நாளுக்கு 9 மணியாக ஐந்து நாளுக்கு 45. குளியல், உணவு முதலியவற்றுக்கு நாளுக்கு 3 மணியாக 21. இவை போக நிற்பது 46 மணி. விளையாட்டுக்கு நாளுக்கு ஒரு மணி. வீட்டு வேலையில் கை கொடுக்க ஒரு மணி. குடும்பத்தாரோடு பேசவும் கோயில் குளம் செல்லவும் பிடித்த நூலைப் படிக்கவும் வாரத்துக்கு 8 மணி. ஆக 22 கழிந்தால் எஞ்சுவது 24 மணி. உங்கள் வீட்டுக் கணக்கு சிறிது வேறுபடலாம். தனி வகுப்புக்குச் செல்வோர் அதனையும் இந்த 24க்குள்ளேயே அடக்க வேண்டும்.

இருபத்து நான்கு மணி நேரம் சிறிதன்று. ஒழுங்காகப் பயன்படுத்தினால் எந்தப் பாடத்தையும் கற்கலாம். ஆனால் கைப்பேசியில் நாளொன்றுக்கு 3 மணி நேரம் செலவிடுபவன் வாரத்தில் 21 மணியை அதற்குக் கொடுத்துவிடுகின்றான். 24இல் 21 போனால் மீதி எவ்வளவு என்பதைக் கணக்கில் தேர்ந்த நீங்களே சொல்லுங்கள். கைப்பேசியை நான் பழிக்க வரவில்லை. அகராதியும் பாட விளக்கமும் அதிலேயே கிடைக்கும் காலம் இது. அதற்கும் ஒரு முறை வையுங்கள் என்றே சொல்கின்றேன். மதகில்லாத வாய்க்கால் போல அது நாள் முழுதும் திறந்து கிடக்கலாகாது.

அட்டவணை வகுக்கும் முன் ஒரு வாரம் எதையும் மாற்றாமல், செலவான நேரத்தை அப்படியே குறித்து வாருங்கள். வீட்டுச் செலவைக் குறிக்கும் அம்மாவின் கணக்கு நோட்டைப் போன்றது இது. எந்த நேரத்தில் உங்கள் மனம் தெளிவாக இருக்கிறது, எப்போது கண் சொக்குகிறது, எங்கே பொழுது கைநழுவுகிறது என்பன விளங்கும். வலியறிதல் என்பது இதுவே.

அடுத்து, பள்ளியின் கால அட்டவணையை நாங்கள் எப்படி வகுத்தோம் என்பதைச் சொல்கின்றேன், உங்களுக்குப் பயன்படும். ஆண்டுதோறும் பள்ளி திறக்குமுன் ஆசிரியர்களும் வகுப்புகளும் பாடவேளைகளும் ஒன்றோடொன்று மோதாதபடி பெரிய தாளில் கட்டம் போட்டு நிரப்புவோம். ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற நெறிகள் சில உண்டு. அறிவுக்கு உழைப்பு மிகுதியாக வேண்டும் பாடத்தை முற்பகலில் வைக்க வேண்டும். இரண்டு கடினமான பாடங்களை அடுத்தடுத்து வைக்கலாகாது. உண்டபின் வரும் பாடவேளையில் கைவேலை அல்லது ஓவியம் போன்றவை நன்று. ஒரே பாடத்தின் வேளைகளை ஒரே நாளில் குவிக்காமல் வாரம் முழுதும் பரப்ப வேண்டும். இந்த நெறிகள் நாற்பது பேருக்குப் பொருந்துவது போலவே ஒருவருக்கும் பொருந்தும்.

கடைசியாகச் சொன்ன நெறிக்கு அறிவியல் சான்றும் உண்டு. ஜெர்மானிய உளவியலறிஞர் எபிங்ஹாஸ் என்பார் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, அவை மறந்துபோகும் வேகத்தை அளந்து 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கற்றவற்றுள் பெரும்பகுதி விரைவிலேயே மறந்துபோகிறது என்பதையும், ஒரே அமர்வில் பலமுறை உருப்போடுவதைவிட இடைவெளி விட்டு மீண்டும் படிப்பது மிகுந்த பயன் தருகிறது என்பதையும் அவர் கண்டார். ஞாயிறன்று மூன்று மணி நேரம் வரலாறு படிப்பதைவிடத் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாளிலும் ஒவ்வொரு மணி நேரம் படிப்பது மேல்.

இனி உங்கள் தாளில் கட்டம் வரையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், திருத்த வேண்டியிருக்கும். முதலில் உறக்கத்தை எழுதுங்கள். படிப்புக்குப் பின் எஞ்சியதை உறக்கத்துக்குத் தருவது பலரது வழக்கம்; விதைநெல்லை எடுத்து உண்பதற்கு அது ஒப்பாகும். பிறகு பள்ளி, உணவு, விளையாட்டு ஆகியவற்றைக் குறியுங்கள். அதன்பின், மனம் தெளிவாக உள்ள வேளைகளில் முதல் உரிமையைக் கடைமடைப் பாடத்துக்குக் கொடுங்கள். பிறவற்றை அதன்பின் நிரப்புங்கள். ‘கணிதம்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ‘முக்கோணவியல், பயிற்சியில் முதற் பத்துக் கணக்கு’ என்று எழுதுங்கள். வேளை வந்தபின் எதைச் செய்வதென்று எண்ணத் தொடங்கினால், எண்ணுவதிலேயே கால் மணி கழிந்துவிடும்.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிப்பதில் மனிதர் எல்லாரும் தவறுகின்றனர். 1994ஆம் ஆண்டில் கனடா நாட்டு உளவியலறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பட்டப் படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களை, எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டனர். அவர்கள் கணிப்பின் சராசரி 33.9 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். தாம் குறித்த நாளுக்குள் முடித்தவர் மூன்றில் ஒரு பங்கினரைவிடக் குறைவு. கல்லூரி மாணவர்கள் இதனை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு மணி ஆகும் என்று தோன்றுவதற்கு ஒன்றரை மணி ஒதுக்குங்கள்.

அதனோடு, மேலே கண்ட 24 மணியில் 4 மணியை எதற்கும் கொடாமல் வெறுமையாக விடுங்கள். ஏரி கட்டிய நம் முன்னோர் கரையோடு கலிங்கையும் கட்டினர். மிகுந்து வரும் நீர் கலிங்கு வழியே வெளியேறும். இல்லையேல் கரை உடையும். உங்கள் வாரத்துக்கும் கலிங்கு வேண்டும். உடல்நலக் குறைவாலோ விருந்தினர் வருகையாலோ தவறிய பாடத்தை அந்த நான்கு மணியில் பார்த்துக்கொள்ளலாம். தவறியதை மறுநாளின் தலையில் ஏற்றாதீர்கள். மறுநாளைக்கு அதன் பங்கு முன்னமே இருக்கிறது. எதுவும் தவறாத வாரத்தில் அந்த நான்கு மணி நேரமும் உங்களுடையது. ஆற்றங்கரையில் போய் உட்காருங்கள்.

முறை என்பது மாறாத விதி அன்று. 1934இல் திறக்கப்பெற்ற மேட்டூர் அணையிலிருந்து குறுவைச் சாகுபடிக்கு ஜூன் 12ஆம் நாள் நீர் திறப்பது மரபு. ஆயினும் நீர் இருப்பு நிறைந்திருந்த 2022இல் மே 24ஆம் நாளே திறந்தனர். இருப்புக் குறைந்திருந்த 2024இல் ஜூலை 28ஆம் நாள்தான் திறக்க முடிந்தது. இருப்பைப் பார்த்து நாளை மாற்றினர். நீர் திறப்பதை விட்டுவிடவில்லை. காய்ச்சல் கண்ட வாரத்தில் உங்கள் அட்டவணையைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதில் இழிவு ஒன்றுமில்லை.

வாரத்தை முறை வைத்தால் மனம் ஏன் இலேசாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். செய்ய வேண்டிய வேலை மனத்தில் கிடந்து அடிக்கடி தலை தூட்டிப் பார்ப்பதே பதற்றத்துக்குப் பெரிய காரணம். அமெரிக்க அறிஞர்களாகிய மாசிகாம்போ, பௌமைஸ்டர் ஆகிய இருவர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முடிவுறாத வேலை பற்றிய எண்ணம் வேறு வேலையில் ஈடுபட்டிருக்கும்போது குறுக்கிட்டுத் தொல்லை தருவதைக் கண்டனர். அந்த வேலையை எப்போது, எவ்வாறு செய்வது என்று தெளிவாகத் திட்டம் எழுதிக்கொண்டவர்களுக்கு அத்தொல்லை நீங்கியது. வேலை இன்னும் முடியவில்லை. ஆயினும் அதற்குரிய வேளை குறிக்கப்பெற்றதே போதுமானதாயிற்று. எங்கள் ஊர் வழக்கம் ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. பங்குனித் திருவிழாவில் ஆயில்ய நாளன்று திருவரங்கத்து நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் நாச்சியார் கோயிலுக்கு எழுந்தருள்வார். அந்த நாள் குறித்த நாள். ஆதலால் ‘எப்போது வருவார்’ என்று நாள்தோறும் ஊரார் தவிப்பதில்லை. அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு, அந்நாளுக்கு ஆயத்தமாகின்றனர். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வேதியியல் என்று எழுதிவிட்டால், செவ்வாய்க்கிழமை அதை நினைந்து கலங்க வேண்டுவதில்லை.

ஆனால் அட்டவணையே துன்பமாக மாறுவதும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவன் அன்னையார் என்னிடம் அழைத்து வந்தார். “ஐயா, இரண்டு மாதமாக இவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. கேட்டால் பேச்சே இல்லை” என்றார். அவன் அறையில் ஒட்டியிருந்த தாளையும் கொண்டுவந்திருந்தார். நான்கு வண்ண மையால் எழுதியது. காலை நான்கு மணி முதல் இரவு பதினொரு மணி வரை அரை மணி கூட விடாமல் கட்டங்கள் நிறைந்திருந்தன.

“தம்பி, இதை எழுதியவர் யார்?” என்று கேட்டேன்.

“அப்பா எழுதினார், ஐயா.”

“இதன்படி எத்தனை நாள் நடந்தாய்?”

“மூன்று நாள். அதற்குப் பிறகு இந்தத் தாளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது, ஐயா.”

அந்தத் தந்தையார் கொடியவர் அல்லர். மகன் உயர வேண்டும் என்ற ஆசையில், தம் அலுவலக ஓய்வு நேரத்தையெல்லாம் செலவிட்டு அதனை எழுதியிருந்தார். ஆனால் அந்த நாட்களை வாழ வேண்டியவன் கையில் பென்சில் இல்லை. மறுநாள் தந்தையாரையும் வரவழைத்தேன். வெற்றுத் தாளை மகனிடம் கொடுத்து, “நீ எழுது” என்றேன். இரவு பத்து முதல் காலை ஆறு வரை உறக்கம் என்று முதலில் எழுதச் சொன்னேன். பின்னர், வாரத்தில் நான்கு மாலை பந்து விளையாட்டு என்று அவனாகவே எழுதினான், தந்தையார் நாற்காலியில் அசைந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் இயற்பியலுக்கு அவன் ஒதுக்கிய வேளைகள் நான் எதிர்பார்த்ததைவிட மிகுதி. அவன் மாநிலத்தில் முதல்வனாக வரவில்லை. நல்ல மதிப்பெண்ணோடு தேர்ந்து, விரும்பிய பட்டப் படிப்பில் சேர்ந்தான். சில மாதங்கள் கழித்துத் தந்தையாரைக் கடைத்தெருவில் கண்டேன். மதிப்பெண்ணைப் பற்றி அவர் பேசவில்லை. “இப்போது வீட்டில் பேசுகிறான், ஐயா” என்றார். பெற்றோர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கும் இது உரியது.

நேரம் எல்லார்க்கும் சமம் என்று சொல்வது எளிது. முழு உண்மை அன்று. உறையூர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் என் வகுப்பில் இருந்தான். பள்ளி விட்டதும் வீட்டில் தார் சுற்ற வேண்டும். விளக்கு வைத்தபின் அவனுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். பிறருக்கு 24 மணி என்றால் அவனுக்கு அதில் பாதிக்கும் குறைவு. அந்தச் சிறு பொழுதை அவன் கிழமை வாரியாகப் பிரித்து அட்டைப் பலகையில் எழுதி வைத்திருந்தான். செய்யுளைத் தார் சுற்றும்போது மனப்பாடம் செய்வதாகவும், கணக்குக்கு மட்டும் விளக்கு நேரத்தை வைத்துக்கொண்டதாகவும் என்னிடம் சொன்னான். குறைந்த நீருக்கு முறை மிகவும் வேண்டும் என்பதை அவனிடம் நான் கண்டேன். ஆயினும் அவன் உறுதியைப் புகழ்வதோடு நாம் நின்றுவிடலாகாது. அத்தகைய பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே அமைதியான ஒரு மணி நேரத்தை ஒதுக்கித் தருவது ஆசிரியர் கடமை.

மாணவியரின் நிலையும் எண்ணத்தக்கது. நடுவண் அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நாடு முழுதும் நடத்தியது. ஊதியமில்லா வீட்டு வேலை செய்வோருள் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக அதில் தெரிய வந்தது. அண்ணனும் தங்கையும் தத்தம் வாரக் கணக்கை எழுதி அருகருகே வைத்துப் பாருங்கள். தங்கையின் தாளில் பாத்திரம் துலக்குவதும் துணி மடிப்பதும் எத்தனை கட்டத்தை அடைத்திருக்கின்றன என்று எண்ணுங்கள். தலைமடையில் இருப்பவன் மதகைச் சிறிது அடைத்தால்தான் கடைமடைக்கு நீர் போகும். ஆண் பிள்ளைகள் தம் பங்கு வேலையை ஏற்றுக்கொள்வதும் வாரத்தை முறை வைப்பதன் ஒரு பகுதியே.

இத்தனையும் செய்த பின்னரும் சிலருக்கு மனச்சுமை குறையாமல் இருக்கலாம். பல நாளாக உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, வாழ்வில் வெறுப்பு ஆகியவை தோன்றினால் அது நேரத்தைப் பங்கிட்டுத் தீர்க்கும் பொருள் அன்று. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவது போலவே அதற்கும் துணை தேட வேண்டும். பெற்றோரிடமோ நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ மனம் விட்டுப் பேசுங்கள். நடுவண் அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். துணை கேட்பது கோழைத்தனம் என்று எண்ணாதீர்கள்.

மாணவச் செல்வங்களே, இன்று சொன்னவை எல்லாவற்றையும் ஒரே நாளில் கைக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஞாயிறு மாலை ஒரே ஒரு நாழிகை ஒதுக்குங்கள். 24 நிமிடம் போதும். கழிந்த வாரத்தின் தாளை எடுத்துப் பாருங்கள். எது நடந்தது, எது தவறியது, எந்தப் பாடம் இன்னும் கடைமடையில் காய்கிறது என்று குறியுங்கள். தவறியவற்றுக்காக உங்களைக் கடிந்துகொள்ள வேண்டா; வரும் வாரத்தில் அவற்றுக்கு ஒரு வேளை கொடுங்கள். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, இரவு உணவுக்கு வீட்டாரோடு போய் உட்காருங்கள். திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது என்பது தாளில் இருக்கிறது. அதை நீங்கள் இரவெல்லாம் தலையில் சுமக்க வேண்டுவதில்லை.